பந்தயச் சைக்கிளுக்குத் தடை வேண்டாம்: பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு சைக்கிள் கடைக்காரனின் திறந்த மடல்

நம் பட்டணத்துப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் இருவர் என் பட்டறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினீர்கள். அடுத்த கல்வியாண்டிலிருந்து வளைந்த கைப்பிடி வைத்த பந்தயச் சைக்கிள்களை மாணவர்கள் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு மூன்றும் உள்ள சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி. ஆண்டிறுதிப் பரிசளிப்பில் கொடுக்கும் சைக்கிள்களும் அந்தக் கனமான வகையாகவே இருக்க வேண்டும். முக்கியமாக இவைதான் அதில் இருந்தன. "நாற்பது வருடத்துக்கு மேலாகச் சைக்கிள் பார்க்கிறவர் நீங்கள். உங்கள் கையெழுத்து இருந்தால் பெற்றோர் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று அன்று என்னால் ஒழுங்காகச் சொல்லவும் முடியவில்லை. ஒரு பையன் பஞ்சரான சக்கரத்தோடு காத்துக்கொண்டிருந்தான். என் கையெல்லாம் கிரீஸ். இரண்டு இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தாளில் 'உறுதியான, நீடித்து உழைக்கும் சைக்கிள்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் என் தந்தையாரின் ரேலி சைக்கிள்தான் கண்முன் வந்தது. அவர் கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், மரத்தில் பால் வெட்டியவர். கறுப்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி. கேரியரின் இரண்டு பக்கமும் பால் டின்களைக் கட்டி, அவற்றின் மேல் ஒட்டுப்பால் மூட்டையை ஏற்றி, செம்மண் சாலையில் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு ஓட்டி வருவார். அந்தச் சைக்கிள் முப்பது வருடம் உழைத்தது. இதுவரை நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மனிதரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைப்பார். ரேலியின் செயின் சக்கரத்தில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு நாரையாகத் துடைப்பார். மட்கார்டின் மேல் ஓடும் தங்க நிறக் கோட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். அதே கடையில் அதைவிட மலிவான சைக்கிள்கள் இருந்தன. அவையும் பால் டின்களைச் சுமந்திருக்கும். ஆனாலும் ரேலிதான் வேண்டும் என்று நின்று, மாதாமாதம் தவணை கட்டி வாங்கினார். என் பெற்றோரின் திருமணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அந்தச் சைக்கிளும் நிற்கிறது. உறுதிக்காக மட்டும் வாங்கியிருந்தால் யாராவது அதைத் திருமணப் படத்தில் நிறுத்துவார்களா? அந்தக் காலத்து இளைஞருக்கு ரேலிதான் அழகு, அதுதான் மிடுக்கு. 'எங்கள் காலத்தில் உழைப்புக்காகச் சைக்கிள் வாங்கினோம், இந்தப் பிள்ளைகள் பகட்டுக்காக வாங்குகிறார்கள்' என்று நம் வயதுக்காரர்கள் பேசும்போது எனக்கு அந்த நாரைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி என் கதை. 1978 டிசம்பரில் பேங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நம் மலேசியாவின் இங் ஜூ ஙான் நெடுஞ்சாலைச் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றார். எனக்கு அப்போது 13 வயது, பள்ளி விடுமுறை. காப்பிக்கடைச் சுவரில் யாரோ நாளிதழ்ப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முதுகு வளைந்து, தலை குனிந்து, ஆட்டுக்கடாக் கொம்பைப் போல வளைந்த கைப்பிடியைப் பிடித்துப் போகிற ஒரு மனிதரின் படம். அது இங் ஜூ ஙான்தானா, வேறு ஓட்டக்காரரா என்றுகூட இன்று எனக்கு உறுதியில்லை. ஆனால் அந்த வளைவு என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. அப்படி ஒரு சைக்கிளை வாங்க எங்கள் குடும்பத்தால் முடியாது. எனவே ஓர் இரவில், அப்பா தூங்கிய பிறகு, அவருடைய ரேலியின் கைப்பிடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். மட்கார்டுகளைக் கழற்றினேன். அந்தச் சைக்கிளில் பிரேக், கெட்டியான இரும்புக் கம்பிகளால் இணைக்கப்பட்டது. கைப்பிடியோடு பிரேக் கம்பியும் சேர்ந்தே இருக்கும். கைப்பிடி திரும்பியதும் முன் பிரேக் கம்பி எங்கும் பொருந்தவில்லை. அதையும் கழற்றி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியுமுன் அப்பா எழுந்து பார்த்தார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலைப் பெயர்ப்பதிவுக்கு, நேரமாகிவிட்டது. என்னை எழுப்பக்கூட நேரமில்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது பளு இல்லை, சமாளித்துவிட்டார். பதினொரு மணிக்குப் பால் டின்கள் இரண்டும் நிறைந்த வண்டியோடு மேட்டிலிருந்து இறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. பின் பிரேக் மட்டும் அந்தப் பளுவைத் தாங்கவில்லை. பாலத்துக்கு முன்னால் விழுந்தார்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அப்பாவை யாரோ தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிவப்பு மண்ணில் வெள்ளைப் பால் ஓடி, சாலையோரக் கானில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வெட்டு முழுவதும் அது. மழைத்துளி விழுந்த இடமெல்லாம் பாலில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்துகொண்டிருந்தன. அப்பா என்னைத் திட்டவில்லை. "பிரேக் எங்கே ஐயா?" என்று மட்டும் கேட்டார். கோபமாக இருக்கும்போதுதான் அவர் என்னை ஐயா என்பார்.

நெளிந்த சைக்கிளைச் சைக்கிள் கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் கடைக்குக் கொண்டுபோனோம். பழுது பார்க்கக் கொடுக்கப் பணம் இல்லை. கூலிக்குப் பதிலாக, சனிக்கிழமைதோறும் நான் கடையில் வேலை செய்வதாகப் பேசி முடித்தார்கள். தவுக்கே முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, அந்த ரேலியின் முன் பிரேக்கைக் கழற்றி மாட்டுவது. மாட்டியதும் மறுபடியும் கழற்றச் சொன்னார். அன்று மாலை வரை அதுதான் வேலை. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது இப்படித்தான்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, பந்தயச் சைக்கிள் மோகத்தால் வந்த வினை' என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. என் ஆசையில் தவறு இல்லை. எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த ஒரு தவுக்கே பிறகுதான் கிடைத்தார். அப்பாவின் மணிக்கட்டு கடைசி வரை நேராகவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாம் கொண்டாடும் அந்தப் பழைய கனமான சைக்கிள் மழையில் நன்றாக நிற்காது. அதன் ரிம், குரோம் பூசிய இரும்பு. நனைந்தால் ரப்பர்க் கட்டை அதன் மேல் வழுக்கும். இரண்டு பிரேக்கும் ஒழுங்காக இருந்தாலும் ஈரச் சாலையில் நீண்ட தூரம் ஓடித்தான் நிற்கும். இன்று நடுத்தர விலையில் வரும் பந்தயச் சைக்கிள்களில் ரிம் அலுமினியம். ஈரத்தில் அது இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும். எப்போது பார்த்தாலும் மழை பெய்கிற நம் பேராக் மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், உறுதி என்று பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கனம் என்பது உறுதி அல்ல என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் தேர்ச்சி பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சைக்கிள் பரிசளித்தார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. கொடுத்தவர்களின் மனம் தங்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் தாளில் எழுதியிருக்கிற எல்லாமே அந்தச் சைக்கிள்களில் இருந்தன. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, போதாததற்கு முன்னாலும் பின்னாலும் சுருள்வில். ஒரு கையால் தூக்க முடியாது. எட்டு மாதத்துக்குள் அவற்றில் ஒன்பது என் பட்டறைக்கு வந்துவிட்டன. பின்சக்கர அச்சு வளைந்திருந்தது. பெடல் சுற்றும் இடத்தில் குண்டுகளைத் தாங்கும் கிண்ணம் ஆடியது. பிளாஸ்டிக் பிரேக் பிடிகள் இரண்டு ஒடிந்தே வந்தன. பிரேக் தண்டு மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. அழுத்தினால் கட்டை ரிம்மைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தண்டே விரிந்தது. மாற்றுப் பாகம் தேடினேன். பல பாகங்களுக்கு ஈப்போவில்கூட அதே அளவு கிடைக்கவில்லை.

அந்தச் சைக்கிள்களில் சில இன்றும் வீட்டுக் கொல்லைகளில் கொடி படர்ந்து கிடக்கின்றன. அவற்றைக் காட்டி, 'நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். பையனுக்குப் பகட்டுச் சைக்கிள்தான் வேண்டுமாம், ஓட்ட மாட்டேன் என்கிறான்' என்று பெற்றோர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பையன் முதல் மூன்று மாதம் அதைத்தான் ஓட்டினான். பிறகு அது ஓடவில்லை. ஓடாத வண்டியை வெறுத்ததற்காக அவனைக் குறை சொல்கிறோம்.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். பழைய தோட்டத்து வீட்டிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குத் தினமும் ஆறு கிலோமீட்டர் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி. அந்தத் தோட்டத்தில் கித்தா மரங்களை அழித்துச் எண்ணெய்ப் பனையான செம்பனை வைத்துவிட்டார்கள். குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடிச் சாலை முழுக்கப் பள்ளம். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து, பழைய இரும்புச் சட்டப் பந்தயச் சைக்கிள் ஒன்றை யாரிடமோ வாங்கி என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆகாய நீல நிறம். வளைந்த கைப்பிடியில் வெள்ளைத் துணிப்பட்டை. டயர் வெறும் 23 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் தோட்டக் குழாயைப் போல இருக்கும். நெடுஞ்சாலைக்கு அது சரி. லாரிப் பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததைப் போல இரட்டை ஓட்டை விழும். முதல் மாதத்தில் ஐந்து முறை வந்தாள்.

"இதை விற்றுவிட்டு வேறு வாங்கிக்கொள் அம்மா" என்று நான்கூட ஒருமுறை சொல்லிவிட்டேன். அவள் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது தாத்தா. இதிலேயே ஏதாவது செய்யுங்கள்" என்றாள். அப்புறம்தான் பிரேக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தேன். 28 மில்லிமீட்டர் டயர் நுழைந்தது. காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டோம். பின்சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கி ஓட்டம் பார்த்தோம்; பாதியை அவளே செய்தாள். டியூப் ஒட்டவும் செயினில் எண்ணெய் விடவும் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதைப் பார்க்கவும் கற்றுக்கொண்டாள். ஏழு வருடமாகிறது. மூன்று செயின், நான்கு ஜோடி டயர், எத்தனையோ பிரேக் கட்டைகள் மாறிவிட்டன. ஒருமுறை சட்டத்தில் விரிசல் கண்டபோது இரும்பு என்பதால் பித்தளை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். இப்போது அவளுடைய தம்பி ஓட்டுகிறான். உங்கள் தாள் நடைமுறைக்கு வந்தால் பள்ளி வாசலில் தடுத்து நிறுத்தப்படுவது அந்தச் சைக்கிள்தான். கொல்லையில் கிடக்கும் பரிசுச் சைக்கிள்களுக்கு அனுமதி உண்டு.

நீடித்து உழைப்பது என்பது எனக்கு இதுதான்: நம் ஊரில், கிடைக்கும் பாகங்களை வைத்து, ஒரு பிற்பகலுக்குள் பழுது பார்க்க முடிகிற வண்டி. அதை ஓட்டுகிற பிள்ளைக்கு அதன் மேல் ஆசை இருக்க வேண்டும். ஆசை இருந்தால்தான் துடைப்பான், எண்ணெய் விடுவான், சத்தம் வந்தால் காது கொடுப்பான். என் தந்தையாரின் ரேலி முப்பது வருடம் ஓடியதற்கு அதன் இரும்பு மட்டும் காரணமில்லை. அதன் ஒவ்வொரு குண்டும் ஆணியும் தவுக்கேயின் கடையில் மைலோ டின்களில் காத்திருந்தன. மற்றொரு காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேங்காய் எண்ணெய்.

இவ்விடத்தில் மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ஒன்பது கித்தாக் கன்றுகளை நட்டார்கள். அன்று அது வெறும் தோட்டக்கலைச் சோதனை. 1888இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். அதன் பின் உலகமே சைக்கிள் ஓட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு மோட்டார் கார் வந்தது. டயருக்குப் பால் வேண்டியிருந்தது. பாலுக்குத் தோட்டம், தோட்டத்துக்கு ஆள். நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறியதற்குப் பின்னால் இந்தச் சக்கரமும் இருக்கிறது. அவர்கள் வெட்டிய பாலில் எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் வேகமாக ஓட்டினார்கள். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன் மெல்லிய டயரில் வேகமாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், 'உனக்கெல்லாம் பால் சைக்கிள் போதும்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பிள்ளைகளால் இந்த விளையாட்டில் முடியாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். நாட்டுக்காகப் பந்தயச் சைக்கிள் ஓட்டிய எம். குமரேசன் நம்மவர்தான்.

இனி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது பொய்யான பயம் அல்ல. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி, அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு, ஜொகூர் பாருவில் சைக்கிள்களில் கூட்டமாகப் போன பிள்ளைகள் மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் இளையவனுக்கு 13 வயது. அப்பாவின் சைக்கிளை நான் கழற்றிய அதே வயது. அந்தச் செய்தி வந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. 'பாசிக்கல் லாஜாக்' என்று அந்த வகைச் சைக்கிளைச் சொல்கிறார்கள். கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றிவிட்டு, வயிறு இருக்கையில் படும்படி குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு இறக்கத்தில் பாய்வது. அந்த நிலையில் காலைத் தரையில் ஊன்றக்கூட முடியாது.

அந்த வாரத்தில் நம் பட்டணத்திலிருந்தும் நான்கு பிள்ளைகளைப் பெற்றோர் கையைப் பிடித்து என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பிரேக் இல்லாத நான்கு சைக்கிள்கள். அந்த நான்கில் ஒன்றுகூட பந்தயச் சைக்கிள் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் மலிவான சாதாரணச் சைக்கிள்கள். வெட்டி, அறுத்து, தாழ்த்தியவை. அவற்றில் ஒன்றின் கேரியர்கூட அப்படியே இருந்தது.

அவர்களில் ஒருவன் என்னிடம் வாதாடினான். "அசிசுல்ஹஸ்னியின் சைக்கிளில் மட்டும் பிரேக் இருக்கிறதா தாத்தா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. திரெங்கானுவின் டுங்குனிலிருந்து வந்த அசிசுல்ஹஸ்னி அவாங், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் என்னும் ஓடுதள வேகப் போட்டியில் வெண்கலம் வென்றவர், 2017இல் அதே போட்டியில் உலக வெற்றியாளர், தோக்கியோவில் வெள்ளி. அவருடைய சைக்கிளில் பிரேக் இல்லை என்பது உண்மைதான். நான் அவனை உட்கார வைத்து, அவனுடைய சைக்கிளின் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றிவிட்டேன். சக்கரம் சுற்றியது, பெடல் அசையாமல் நின்றது. "இதுதான் வித்தியாசம்" என்றேன். ஓடுதளச் சைக்கிளில் பெடலும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றியே ஆக வேண்டும். காலை மெதுவாக்கினால் சக்கரமும் மெதுவாகும். அவருடைய பிரேக் அவருடைய தொடையில் இருக்கிறது. அதுவும் எதிரே லாரி வராத, குறுக்கே நாய் ஓடாத, சரிவாகக் கட்டிய வளையத்துக்குள். அவனுடைய சைக்கிளில் பிரேக்கும் இல்லை, அந்தப் பிணைப்பும் இல்லை. அதை நிறுத்த எதுவுமே இல்லை. பையன் வெகுநேரம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பிரேக் மாட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான்.

இதைத்தான் அவனுக்குப் பள்ளியில் யாராவது காட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தடை போட்டால் அந்தக் கேள்வியை அவன் நம்மிடம் கேட்கவே மாட்டான். பள்ளி வாசலில் நிறுத்த முடியாத சைக்கிளை அவன் காப்பிக்கடைச் சந்தில் நிறுத்துவான். பகலில் ஓட்ட முடியாவிட்டால் இரவில் ஓட்டுவான். நமக்கு இருப்பது ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் ஓடுகிற பழைய நெடுஞ்சாலை. இரவில் அதில் லாரி ஓட்டுகிறவருக்கு விளக்கில்லாத ஒரு சைக்கிள் எப்படித் தெரியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே தடை வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுக்குப் போடுங்கள். இரண்டு பிரேக்கும் வேலை செய்யாத எந்தச் சைக்கிளும் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது. அது எந்த வகையாக இருந்தாலும் சரி, கேரியர் இருந்தாலும் சரி. அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். அன்றே கையெழுத்துப் போடுகிறேன்.

பரிசுச் சைக்கிள் வாங்கும்போது தயவுசெய்து பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். மேடையில் ஒரே நிறத்தில் பத்துச் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் பத்துப் பிள்ளைகளின் கால்களும் ஒரே நீளமா? 'வளர்கிற பிள்ளைதானே' என்று ஓர் அளவு பெரிதாக வாங்குகிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கால்சட்டைக்கு அது சரி. சைக்கிளுக்கு அது ஆபத்து. அவசரத்தில் இறங்க முடியாமல், தரையைத் தொடக் கால் எட்டாமல் விழுந்த பிள்ளைகளின் சைக்கிள்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. வளைந்த கைப்பிடி வேண்டும் என்று பிள்ளை சொன்னால் இருக்கட்டும். மற்றவற்றை நாம் பார்த்துக்கொள்ளலாம்: சட்டம் இரும்பாக இருந்தால் விரிசல் விட்டாலும் இங்கேயே பற்றவைக்கலாம், அலுமினியத்தை நம்மால் அப்படிச் செய்ய முடியாது, ரிம் மட்டும் அலுமினியமாக இருக்கட்டும், டயர் 32 மில்லிமீட்டராவது நுழைய வேண்டும், மட்கார்டு மாட்டச் சட்டத்தில் திருகுத் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், 21 கியர் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், நம் தட்டையான சாலைக்கு ஏழே அதிகம். இப்படிப்பட்ட சைக்கிள்கள் இன்று கிடைக்கின்றன. பார்ப்பதற்குப் பந்தயச் சைக்கிளைப் போலவே இருக்கும், செம்மண்ணிலும் ஓடும். அந்தப் பன்னிரண்டை வாங்கிய அதே பணத்துக்கு இவை பன்னிரண்டு வராது. ஏழோ எட்டோதான் வரும். எட்டே வாங்குங்கள்.

புத்தகப்பையைப் பற்றியும் உங்கள் தாளில் ஒரு வரி இருந்தது. அதில் நியாயம் இருக்கிறது. முதுகில் கனமான பையோடு வளைந்த கைப்பிடியில் குனிந்தால் பளு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அதற்கு மெல்லிய அலுமினியக் கேரியரைப் பின்னால் மாட்டலாம். பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். பையை அதில் கட்டி ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியதையும் எழுதிவிடுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பள்ளிக்கு வருகிறேன். சைக்கிளைத் தூக்கி மாட்டும் ஸ்டாண்டு இரண்டையும் கருவிகளையும் கொண்டுவருகிறேன், கூலி வேண்டாம். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கும்படி ஒரு கொட்டகை, கொஞ்சம் பழந்துணி, இவ்வளவுதான் எனக்குத் தேவை. பிள்ளைகள் தங்கள் சைக்கிளைத் தாங்களே கழற்ற வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். நீல நிறச் சைக்கிள்காரப் பெண் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். விடுமுறையில் வீட்டுக்கு வரும் வாரங்களில் தானும் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் சனிக்கிழமை பிரேக் மட்டும் பார்ப்போம். பெற்றோரும் வந்து பார்க்கலாம், குறிப்பாக அந்தக் கொல்லைச் சைக்கிள்களை வைத்திருப்பவர்கள். இரண்டு மூன்றைக் கலைத்து ஒன்றை ஓட வைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். பிரேக் கட்டைகளை ஈப்போவிலிருந்து வரவழைக்க எனக்கு நான்கு நாள் வேண்டும்.

அன்புடன்,
அஞ்சடிச் சைக்கிள் பட்டறைக்காரன்